சீச்சீ சாரும் கால் முளைத்த எழுத்தும்

"எஃப், ஈ, எல், ஓ, பி, இசட், டி."

சுவரில் தொங்கிய அட்டையின் கடைசிப் பொடி வரியையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, கண்ணைப் பொத்தியிருந்த கையை எடுத்தார் சீச்சீ சார்.

ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

பக்கத்தில் நின்ற மகளுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. கண் டாக்டர் 'பார்வை சரி' என்று சொன்னால்தான் அடுத்த புத்தகம் என்று பதிப்பக முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். புத்தகத்துக்குப் பக்கம் வடிவமைப்பதைத் தவிர அப்பாவுக்கு வேறொன்றும் தெரியாது. அதையும் பிடுங்கிக்கொண்டால் வீட்டில் உட்கார்ந்து யாரைத் திட்டுவார்? அவளைத்தான்.

ஆபீஸில் அவருக்குப் பட்டப்பெயர் 'சீச்சீ சார்'. எதைக் காட்டினாலும் முதலில் அதுதான் வரும். காலையில் காபி மேஜையில் கொட்டியதற்குக் கோப்பை செய்தவனைத் திட்டினார். இங்கே ஆஸ்பத்திரி வாசற்படியில் தடுக்கியதற்குக் கொத்தனாரை.

டாக்டரம்மா சந்தோஷமாகப் பேனாவை எடுத்தார்.

அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே?

"படிச்சுட்டேன், சரி. ஆனா இந்த அட்டையைப் போன வருஷமே தூக்கிப் போடச் சொன்னேனே டாக்டர்? டைம்ஸ் நியூ ரோமன் எழுத்தை எவனாவது சுவத்துல மாட்டுவானா?"

டாக்டரம்மாவின் பேனா அப்படியே நின்றது. அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

அது செய்தித்தாளுக்குப் பிறந்த எழுத்து, என்றார். ஒடுங்கிய பத்திக்குள் நாலு வார்த்தை கூடுதலாகத் திணிக்க, பஸ் கூட்டம் மாதிரி நெருக்கி வரைந்தது. அங்கேயே இருந்திருந்தால் கௌரவம். கம்ப்யூட்டர்காரன் அதைத் தூக்கி, திறந்ததும் தானாக வருகிற எழுத்தாக வாசலிலேயே உட்காரவைத்தான். ஊரிலுள்ள சோம்பேறிகள் அத்தனை பேரும் அதன் மடியில் விழுந்தார்கள். கல்யாணப் பத்திரிகை அதில். வேலையை விட்டுத் தூக்கும் உத்தரவு அதில். 'இங்கே எச்சில் துப்பாதீர்' அதில். அதில் அச்சடித்தால் பொய்கூடக் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கும்.

"அந்தக் காலைப் பாருங்க! முனைக்கு முனை ஒட்டவெச்ச பொடிக் கால். புத்தகத்துல கண்ணை வரியோட கூட்டிட்டுப் போக அது வேணும், ஒத்துக்கறேன். இங்க எதுக்கு? எஃப்புக்குச் செருப்பு மாட்டிவிட்ட மாதிரி. அந்த இசட்டைப் பாருங்க, ரெண்டு பக்கமும் கொக்கி! சீச்சீ!"

சுவரை நோக்கி விரலை நீட்டினார்.

மகள் சுவரைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள்.

டாக்டரம்மா எழுதாமலே பேனாவை மூடினார்.

"நீங்க திட்டிட்டுப் போன மறுவாரமே மாத்திட்டோம் சார். அதே எழுத்து, அதே வரிசை. ஆனா இதுல எதுக்குமே கால் கிடையாது. எல்லாம் மொட்டையா, குச்சி குச்சியா இருக்கு."

நீட்டிய விரல் அந்தரத்திலேயே நின்றது. மகள் அதைப் பிடித்து மெல்ல இறக்கிவிட்டாள்.

அவர் அவள் பக்கம் திரும்பினார். எழுத்தைப் பற்றி இதுவரை எவரிடமும் அவர் கேட்டிராத கேள்வி அது.

"பாக்க நல்லா இருக்காம்மா?"