ஐம்பதாம் நம்பர் ஆசாமி

"அந்த ஆளு உயிரோட இருக்கானா இல்லையா? அதையாவது சொல்லுங்க சிஸ்டர்."

பெரிய டாக்டர் கேட்ட வேகத்தில் கையிலிருந்த பேனா தெறித்து மேசைக்கடியில் உருண்டது. அதைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். பிறகு டிராயரைத் திறந்து வேறு பேனா எடுத்துக்கொண்டார்.

"உயிரோடதான் சார் இருக்காரு. போன் அடிச்சா கட் பண்றாராம். செத்தவங்க கட் பண்ண மாட்டாங்கல்ல?" என்றார் ஆராய்ச்சிப் பிரிவு நர்ஸ்.

மணி நாலே முக்கால். ஐந்துக்குள் கட்டுரை அறுவை சிகிச்சை ஆராய்ச்சி இதழுக்குப் போயாக வேண்டும். ஒரு நிமிஷம் தாண்டினாலும் இணையதளம் கதவைச் சாத்திவிடும், மூன்று வருஷ உழைப்பு அதோடு போச்சு.

இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் பெரிய டாக்டர் பெயரில் ஒரு கட்டுரை கூட வந்ததில்லை. எதிர் அறை டாக்டருக்கு நாலு வந்திருந்தது. அவர் நாலையும் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். இவர் வீட்டம்மாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்து, போன மாதமே ஒரு சட்டம் வாங்கி ஹாலில் மாட்டிவிட்டார். உள்ளே வைக்கத்தான் ஒன்றும் இல்லை.

ஆராய்ச்சி பெரிய கம்பசூத்திரம் ஒன்றுமில்லை. ஹெர்னியா ஆபரேஷனில் வைத்துத் தைக்கிற வலையில் இரண்டு வகை. எதை வைத்தால் ஒரு வருஷம் கழித்து வலி குறைவு என்று ஐம்பது பேரிடம் கேட்க வேண்டும். கேள்வியும் ஒன்றே ஒன்றுதான்: குனிந்து ஷூ மாட்டும்போது வலிக்கிறதா?

"ஹெர்னியாவுக்கு நம்ம வார்டுல படுக்கிற ஒருத்தரையும் விடாதீங்க. யாரா இருந்தாலும் ஆராய்ச்சிக்குக் கையெழுத்து வாங்கிடுங்க" என்று உத்தரவு போட்டவர் பெரிய டாக்டர். யாருக்கும் யாரையும் தெரியக்கூடாது, பெயரை எடுத்துவிட்டு நம்பர் போடுங்கள் என்றவரும் அவரேதான். மாடியில் புள்ளிவிவர மேடம் வைத்திருக்கும் பட்டியலில் நோயாளியின் நம்பரும் போன் நம்பரும் தவிர வேறு எதுவும் கிடையாது.

நாற்பத்தொன்பது பேர் பதில் சொல்லியாயிற்று. இதழின் மதிப்பீட்டாளரோ பிடித்த பிடியில் நின்றார். ஐம்பது என்றால் ஐம்பது பதிலும் வேண்டுமாம்.

"வார்டு குறிப்புல என்னதான் இருக்கு இவனைப் பத்தி?"

நர்ஸ் பெயர் நீக்கிய ஃபைலைப் புரட்டினார். "ஊசி போடப் போன நர்ஸுக்கே பாடம் எடுத்திருக்காரு சார். டாக்டர் சொன்ன எதையும் கேக்கலையாம். மூணாம் நாள் சொல்லாம கொள்ளாம வீட்டுக்குக் கிளம்பிட்டாராம்."

"இந்த மாதிரி ஆளுங்களை எனக்கு நல்லா தெரியும். எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசுவாங்க. தாளை நீட்டினா ஒரு வரி படிக்காம கையெழுத்து போடுவாங்க. அப்புறம் போன் பண்ணினா எடுக்க மாட்டாங்க."

பெரிய டாக்டர் எழுந்து கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூணு வருஷம் சிஸ்டர். போன வருஷம் உடம்புக்கு முடியாம பத்து நாள் லீவு போட்டேனே, அதைத் தவிர ஒரு நாள் இதைத் தொடாம இருந்திருப்பேனா? கால்புள்ளி அரைப்புள்ளி வரைக்கும் நாப்பது தடவை பார்த்தாச்சு. எவனோ ஒரு கிறுக்கன் போன் எடுக்காததுக்கு நான் பலியாகணுமா?"

நர்ஸுக்கே பாவமாகப் போய்விட்டது. "வாங்க சார், மேடத்தையே நேர்ல பார்த்துக் கேட்டுடலாம்" என்று கிளப்பினார்.

மாடிப்படி ஏறும்போது சட்டைப் பையில் போன் துடித்தது. தெரியாத நம்பரை எடுப்பதில்லை என்பது பெரிய டாக்டரின் பல வருஷக் கொள்கை. "ஒரு மாசமா பாலிசி விக்கிறவங்க தொல்லை தாங்கல" என்று முனகிக்கொண்டே போனின் வாயை அடைத்தார்.

மேடம் அப்போதுதான் ஆராய்ச்சிக்கென்று வாங்கியிருந்த புது போனைக் கீழே வைத்துக்கொண்டிருந்தார். "இப்பவும் எடுக்கல சார்."

"அந்த நம்பரைக் குடுங்க மேடம். கால்ல விழுந்தாவது நான் பேசிக்கிறேன்."

"குடுக்கக்கூடாது சார். நீங்க போட்ட சட்டம்தான்." மேடம் பட்டியலை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"சரி, என் கண்ணெதிர்லயே இன்னொரு தடவை அடிங்க. கடைசித் தடவை."

மணி ஐந்தாக ஆறு நிமிஷம். மேடம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். போனைக் காதில் வைத்தார்.

பெரிய டாக்டரின் பை துடித்தது. அவர் பார்க்காமலேயே கையை விட்டு அடக்கினார். "நீங்க பேசுங்க மேடம், இது வேற ஒண்ணு."

மேடத்தின் காதில் இணைப்பு அறுந்தது. அவர் மறுபடி அழுத்தினார். பை மறுபடி துடித்தது. பெரிய டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அடக்கினார்.

"நேரங்காலம் தெரியாம உயிரை வாங்குறாங்க. என்ன மேடம், எடுத்தானா?"

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். மேடம் போனைக் கீழே வைத்தார். கேள்வித்தாளை எடுத்து, ஐம்பது என்று எண் போட்டு, பேனா மூடியைக் கழற்றினார்.

"சார், குனிஞ்சு ஷூ மாட்டும்போது உங்களுக்கு வலிக்குதா?"