தவளைக்கு ஒரு ஸ்டார்

அநியாயம் நடந்தது எனக்கு. செய்தது, எங்கள் வகுப்பிலேயே வயதில் மூத்தவர், வாயில்லாப் பூச்சி என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கும் பெரியக்கா.

நாங்கள் ஆசிரியர் பயிற்சி மாணவர்கள். குழந்தைகள் விளையாடிக்கொண்டே படிக்க ஆளுக்கொரு வெப்சைட் செய்ய வேண்டும். மற்றவர்கள் செய்ததைப் பார்த்து ஒன்று முதல் ஐந்து ஸ்டார் வரை போட வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு தடவை போடலாம். ஒவ்வொன்றைப் பற்றியும் ஏதாவது ஒரு நாள் ஒரு பக்கம் எழுத வேண்டும். முதலிடம் பிடிப்பது பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகும்.

என்னுடையதில் ஒரு தவளை. பின்னால் குதித்துக் குதித்துக் கழித்தல் சொல்லிக்கொடுக்கும். முதல் வாரம் அதுதான் முதலிடம். நேற்று பார்த்தால் ஒன்பதாவது!

யார் கைவரிசை என்று திறந்து பார்த்தேன். பெரியக்கா. ஒரு ஸ்டார். முந்தின நாளும் ஒரு ஸ்டார். அதற்கு முந்தின நாளும். பன்னிரண்டு நாள், ஒரு நாள் தவறாமல்.

"உன் தவளை அவங்களுக்குப் பிடிக்கலையோ என்னவோ, விடு" என்றாள் என் ரூம்மேட்.

"பிடிக்கலைன்னா ஒரு தடவை போட்டுட்டுப் போகணும். பன்னிரண்டு நாள் மெனக்கெட்டு வந்து போட்டா, அதுக்குப் பேர் வயித்தெரிச்சல்!"

"நேர்ல கேளேன்."

"கேட்கத்தான் போறேன். அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு."

பெரியக்கா அன்றுதான் தன் வெப்சைட்டை ஏற்றியிருந்தார், எல்லோருக்கும் கடைசியாக. அதற்கு இன்னும் யாரும் ஸ்டார் போடவில்லை. நான் போட்டேன். ஒன்று. 'குழந்தைகளின் மனசு தெரியாதவர் செய்தது' என்று ஆரம்பித்து, ஒரு பக்கம் கேட்டதற்கு மூன்று பக்கம் எழுதினேன். அந்த வெப்சைட்டுக்குள் நான் அரை நிமிஷம்கூட இருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

இன்று சாயங்காலம் கம்ப்யூட்டர் லேபில் ஆளைப் பிடித்துவிட்டேன். பக்கத்து நாற்காலியில் அவர் மகள், இரண்டாம் வகுப்புப் பொடிசு, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் அம்மாவின் போனில் மூழ்கியிருந்தாள்.

"எதுவா இருந்தாலும் முகத்துக்கு நேரா சொல்லியிருக்கலாம், அக்கா."

"எதும்மா?"

"பன்னிரண்டு ஒத்த ஸ்டார்! என் தவளை உங்களை என்ன பண்ணிச்சு?"

பெரியக்கா திருதிருவென்று விழித்தார். "நான் இன்னும் யாருக்குமே போடலையேம்மா. என்னோடதை முடிக்கவே நேரம் சரியாப் போச்சு."

"உங்க பேர்லதானே இருக்கு! தவளையே எகிறிக் குதிச்சுப் போட்டுக்கிச்சா?"

தவளை என்றதும் பொடிசு நிமிர்ந்தாள்.

"தவளை அக்கா நீங்கதானா? நான் தினமும் விளையாடுவேனே! பதிமூணுல ஏழு போனா ஆறு. இப்பல்லாம் விரல்விட்டு எண்ணவே மாட்டேன்!"

பெரியக்கா போனைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். "ஏண்டி, ஸ்டார் போட்டது நீயா?"

"ஆமா. விளையாடி முடிச்சதும் போடுவேன்."

என் குரல் தானாக இறங்கியது. "அவ்வளவு பிடிச்சிருந்தா ஏன் ஒண்ணே ஒண்ணு போட்டே?"

கழித்தல் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணுதானே போடுவாங்க? நல்லா எழுதினா எங்க மிஸ் நோட்டுல ஒரு ஸ்டார் போடுவாங்க. நல்லா இல்லைன்னா ஒண்ணும் கிடையாது."

குழந்தைகளும் தொழில்நுட்பமும் என்று ஒரு மாதமாக வகுப்பில் தொண்டை கிழியப் பேசியவள் நான். ஒரு குழந்தையிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கிறேனா?

"அக்கா, நேத்து நான் ஒண்ணு..." என்று ஆரம்பித்தேன்.

பொடிசு முடிக்க விடவில்லை. என் கையைப் பிடித்து இழுத்தாள். பெரியக்கா அவசரமாகப் போனை வாங்கப் பார்த்தார். அதற்குள் அவள் அதை என் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டாள்.

"இங்க பாருங்க, எங்கம்மாவோடதுக்கும் ஒரு ஸ்டார் வந்திருக்கு! நேத்துதான் ஏத்தினாங்க, அதுக்குள்ள! யார் போட்டதுன்னு கேட்டேன். 'எங்க கிளாஸ்ல ஒரு நல்ல பொண்ணு'ன்னாங்க அம்மா. அவங்களை உங்களுக்குத் தெரியுமா?"

பெரியக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தெரியாது கண்ணு" என்றேன். "இனிமேதான் பழகணும்."