கடைசியில் நின்றவள்

வெள்ளைப் புடவை, பொட்டில்லாத நெற்றி, பூவில்லாத தலை. அந்தக் கோலத்தில் ருக்மிணியைப் பார்த்தால், விஷயம் தெரியாதவர்கள் 'ஐயோ பாவம், இந்தச் சின்ன வயசிலேயா!' என்று உச்சுக் கொட்டுவார்கள்.

விஷயம் வேறு. அவளுக்கு அன்று ஞானஸ்நானம். ஆனேக்கல் ரோட்டிலிருந்த அந்தத் தகரக் கூரைச் சபையில் முழுக்கு எடுப்பவர்கள் வெள்ளைதான் உடுத்த வேண்டும். குந்துமணித் தங்கம்கூட உடம்பில் இருக்கக் கூடாது.

தாலியை மட்டும் அவள் இன்னும் கழற்றவில்லை. முழுக்குத் தொட்டிக்கு முன்னால் நின்ற வரிசையில், தானாகவே கடைசி இடத்துக்குப் போயிருந்தாள்.

"அவரு வர்றேன்னிருக்காரு பாஸ்டரம்மா," என்றாள், எல்லோருடைய போனையும் கூடையில் வாங்கிக்கொண்டிருந்த பிரிஸில்லாவிடம். "பொம்மசந்திராவுல நைட் ஷிஃப்ட் முடிச்சு பைக்ல நேரா வந்துடுவாரு. தாலியை அவர் கையாலயே கழட்டித் தர்றாராம். எங்க மாமியாருக்குத்தான் பயம், தாலி எறங்கினா தம் புள்ளைக்கு ஆகாதுன்னு."

மூன்று வருஷமாய் பைபிளைக் கண்டாலே எரிந்து விழுந்தவன் இளங்கோவன். அவனே சபை வாசலை மிதிக்கப் போகிறான் என்பதில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இன்றைக்கு வேடிக்கை பார்க்க வருகிறவன், ஒருநாள் இதே தொட்டியில் இறங்க மாட்டானா?

பாட்டு ஆரம்பித்தது. நடுவில் பிரிஸில்லா தன் கணவர் பாஸ்டர் சாமுவேலை வெளியே கூப்பிட்டு ஏதோ சொன்னாள். இருவரும் சுவரோரமாய் நின்று கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் ஜெபம் பண்ணினார்கள்.

திரும்பி வந்த சாமுவேல் தொட்டிக்குள் இறங்கினார். "ருக்மிணி, நீ முன்னால வாம்மா."

"அவரு இன்னும் வரலீங்களே பாஸ்டர்."

"மனந்திரும்பிட்ட. விசுவாசிச்சுட்ட. வாயைத் தொறந்து அறிக்கையும் பண்ணிட்ட. முழுக்கு ஒண்ணுதான் பாக்கி. கரைசேர்ற நேரத்துலதான் சாத்தான் காலை வாருவான். பேகா வா, லேட் பண்ணாத."

"தாலி..."

"மஞ்சக்கயிறு புருஷனைக் காப்பாத்தும்னா ஊருல ஒருத்தியும் விதவை ஆகியிருக்கக் கூடாதேம்மா!"

சபை சிரித்தது. பிரிஸில்லா மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒவ்வொரு ஞானஸ்நானத்துக்கும் அழுகிற மனுஷி என்பதால் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

ரோட்டில் ஒரு பைக் சத்தம் கேட்டது. ருக்மிணி ஆவலாய்த் திரும்பினாள். அது நிற்காமல் போய்விட்டது.

"நான் ரட்சிக்கப்பட்டா அவரும் ரட்சிக்கப்படுவாருன்னு சொன்னீங்களே பாஸ்டர், நெஜந்தானே?"

"நீ மொதல்ல எறங்கும்மா."

ருக்மிணி தாலியைக் கழற்றி பிரிஸில்லாவின் உள்ளங்கையில் வைத்தாள். தண்ணீர் சில்லென்று இடுப்பைத் தொட்டது. சாமுவேல் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரைச் சொல்லி அவளை முழுசாய் முக்கி எடுத்தார்.

"அல்லேலூயா!" என்று தகரக் கூரை அதிர்ந்தது. முகத்தில் தண்ணீர் வழிய ருக்மிணி சிரித்தாள். அப்படி ஒரு நிம்மதியை அவள் அனுபவித்ததே இல்லை.

"பாஸ்டரம்மா, அவருக்கு ஒரு போன் போடுங்களேன். ஒண்ணும் அவசரமில்ல, வண்டியை மெதுவாவே ஓட்டிட்டு வரச் சொல்லுங்க."

பிரிஸில்லா கணவரைப் பார்த்தாள். சாமுவேல் நிதானமாய்த் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஸ்தோத்திரம், இனி இவ பின்வாங்க மாட்டா. போனைக் குடுத்துடு பிரிஸில்லா, பாடியை வாங்க பொண்டாட்டி கையெழுத்து வேணுமாம்."