பத்துக்கு நாலு

"போன மாசம் எத்தனை பேரை மேலே அனுப்பினீங்க?"

கையிலிருந்த ஒப்புதல் படிவத்தைக் குழலாகச் சுருட்டிக்கொண்டே அவள் கேட்டாள். பின்னால் கட்டிலில் அவள் கணவர். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க், தொடையில் பலூன் பம்பின் குழாய். காலை நடையில் பாதி வழியில் விழுந்தவர்.

"பத்துக்கு நாலு, மேடம்" என்றார் அறுவை மருத்துவர். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"ஒரு பஸ் டிரைவர் பத்துக்கு நாலு பேரைக் கொன்னா லைசென்ஸை விட்டு வைப்பாங்களா? எமன்னு சும்மாவா பேரு வெச்சாங்க உங்களுக்கு?"

நர்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பட்டப்பெயர் ஆபரேஷன் தியேட்டர் வாசலைத் தாண்டியதில்லை.

மருத்துவர் கோபப்படவில்லை. "இதயத்துல மூணு ரத்தக்குழாயும் அடைப்பு. ஸ்டென்ட் வைக்க வழியில்ல. பம்புதான் உயிரை இழுத்துப் பிடிச்சிருக்கு. இப்பவே பைபாஸ் பண்ணினா பிழைக்க வாய்ப்பு உண்டு. பண்ணலேன்னா சாயங்காலம் நீங்க வேற ஒரு ஃபாரத்துல கையெழுத்துப் போடணும்."

அவள் சுருட்டிய படிவத்தை வாசல் பக்கம் நீட்டினாள்.

"வெளியில போர்டைப் பாருங்க. வருஷம் பூரா பைபாஸ், ஒரு உசுருகூடப் போகல. கைன்னா அது கை!"

நடைபாதையில் அந்தப் போர்டு தொங்கியது. ஒரு டாக்டர் பல் தெரியச் சிரிக்கும் படம். கீழே, 'இறப்பு: பூஜ்யம்'.

மருத்துவர் போர்டின் பக்கம் திரும்பவில்லை. கட்டிலைப் பார்த்தார். "அந்தக் கைக்கு இன்னிக்கு லீவு, மேடம்."

"நக்கல் வேறயா? உங்ககிட்ட இவரைக் கொடுக்க மாட்டேன். வேற ஆளைக் கூப்பிடுங்க!"

மானிட்டர் கத்தத் தொடங்கியது. கணவர் மெல்லத் தலையைத் திருப்பி, ஓடும் கோடுகளை மேலிருந்து கீழ்வரை படித்தார். கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். பிறகு மாஸ்க்கை விலக்கினார்.

"போடுடி கையெழுத்தை. என் போர்டு சுத்தமா இருக்கணும்னு நான் இவன் பக்கம் தள்ளிவிட்டவங்கதான் அந்தப் பத்து பேரும்."

மூச்சு வாங்கியது. சிரிக்கவும் பார்த்தார்.

"ஆறு பேரை நடக்க வெச்சு அனுப்பிட்டான், படுபாவி."