ஃபிலோமினா குன்று

புன்னைக்காயலில் வீட்டு மாடியில் உட்கார்ந்தபடியே கஸ்பார் கணினி வழியே நடுக்கடலின் அடித்தரையில் எந்திர வண்டி ஓட்டுகிறான். அங்கே புதுக்குன்றை முதலில் கண்டவன் வைக்கும் பெயரை அப்புறம் யாராலும் மாற்ற முடியாது. தன் முதல் குன்றுக்கு அவன் 'ஃபிலோமினா' என்று பெயர் வைத்திருப்பதை வரைபடத்தில் பார்த்ததும், மனைவி ஜெசிந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாருங்க அவ?"

"கூடப் படிச்ச பிள்ள. அவசரத்துல அந்தப் பேருதான் வாயில வந்துச்சு."

"என் பேரு வராதோ? சரி, அந்தக் குன்ற மண்ணு மூடாதா?"

"மூடும். ஆத்துத் தண்ணி கொண்டுவர்ற வண்டல் மெல்லமா படியும். ஆயிரம் வருஷத்துக்கு ஒரு அங்குலம்."

மறுநாள் காலை ஜெசிந்தா முற்றத்தைக் கூட்டி, மண்ணைக் கூடையில் அள்ளிக்கொண்டு தாமிரபரணிக்கு நடந்தாள்.

"எங்க போற?" என்று மாடியிலிருந்து கத்தினான் கஸ்பார்.

"ஆயிரம் வருஷமாமே. இன்னைக்கே ஆரம்பிச்சாத்தான் ஆகும்."