ஒரே வயிற்றுப் பிள்ளைகள்

"சந்தேகமே வேணாங்க்கா. நாப்பதுக்கும் ஒரே அப்பா, ஒரே அம்மா. அச்சுல வார்த்த மாதிரி இருக்கு" என்றாள் பரிசோதனைக்கூடத்துக்காரி.

ஆராய்ச்சிக்காரி பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். பதினாறு வருடமாக அவள் வளர்த்த நாற்பது கோதுமை வகைகளின் மரபணு அறிக்கை அது.

"போன வருஷம் கதிரெல்லாம் வேற வேறயா இருந்துச்சேடி! ஒண்ணு குட்டை, ஒண்ணு நெட்டை..."

"அதுக்கப்புறம்தானே குளிர் அறை பழுதாச்சு? அவசர அவசரமா விதையைப் பை மாத்தினீங்க. ஒரே விதையை நாப்பது பையிலயும் போட்டுட்டீங்க போல."

இருக்கலாம். மிஞ்சிய விதை முழுவதையும் வயலில் போட்டாயிற்று. வரிசைக்கு ஒரு வகை. இருபது நாள் பயிர், பார்வைக்கு எல்லாம் ஒரே புல்தான்.

பக்கத்து வயல்களில் கோதுமையை அழிக்கும் துரு நோய் இறங்கிவிட்டது. நாற்பதில் ஒன்றாவது தாங்கும் என்றுதான் இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தாள்.

தொலைபேசி அடித்தது. ஆராய்ச்சி நிலைய இயக்குநர்.

"அறிக்கை எனக்கும் வந்துச்சும்மா. எல்லாம் ஒண்ணுன்னா அதுக்கு எதுக்கு அவ்வளவு நிலம்? இன்னைக்கே உழுதுடுங்க. சோளப் பிரிவுக்காரங்க நிலத்துக்குக் காத்துட்டு இருக்காங்க."

அவள் டிராக்டர்காரனைக் கூப்பிட்டு உழச் சொன்னாள்.

டிராக்டர் சத்தம் அடங்கிய பிறகுதான் வயல் மேஸ்திரி சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். மூச்சு வாங்கியது.

"என்னம்மா இது அநியாயம்! பம்பு செட்டுல இருந்து பார்த்ததுமே கிளம்பினேன். நான் வர்றதுக்குள்ள முடிச்சுட்டானே பாவி!"

"அவனைத் திட்டாதீங்கண்ணே. நான்தான் உழச் சொன்னேன்."

"நீங்களா? பெத்த பிள்ளை மாதிரி பார்த்தீங்களேம்மா!"

"நீங்க பறிச்சுட்டு வந்த இலைதான் காட்டிக் கொடுத்துச்சு. வரிசைக்கு ஒரு இலைன்னு கேட்டேனே? தண்ணி பாய்ச்சின மறுநாளே போய், செருப்புல சேறு படாம, அரை மணியில நாப்பது உறையையும் நிரப்பிக் கொடுத்தீங்க. உங்க மேல எந்தக் குறையும் இல்ல."

மேஸ்திரி முகம் மாறியது.

"இலையில போய் என்னம்மா தெரியும்?"

"அந்தந்தச் செடியோட ஜாதகமே இலைக்குள்ளதான் இருக்கு. நாப்பது ஜாதகமும் ஒண்ணுன்னு வந்துடுச்சு."

அவர் அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டார். ஜன்னலுக்கு வெளியே வெறும் மண் புரண்டு கிடந்தது.

"ரெண்டு மாசமா முட்டி மடங்கலம்மா. சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவீங்கன்னு மறைச்சுட்டேன். சேத்துல காலை வைக்க முடியல. இலைதானே, எது பறிச்சா என்னன்னு..."

"அண்ணே?"

"நாப்பதும் வரப்போரத்து முதல் வரிசையில பறிச்சதும்மா."