ஒரு கட்டை கீழே

அவள் வாய் திறக்கவில்லை. இன்னும் நேரம் இருந்தது.

கிடாரின் முதல் ஒலி தரையில் கிடந்தது. செருப்பில்லாத பாதம் வழியாக ஏறி, முழங்காலைக் கடந்து, வயிற்றில் வந்து தங்கியது.

டூம் மெட்டல் என்கிற இந்த மந்தமான, கனத்த ராக் இசையில் யாருக்கும் அவசரம் கிடையாது. டிரம்மில் ஒரு அடி விழுந்து அடுத்த அடி விழுவதற்குள் ஒரு சட்டையை மடித்து வைத்துவிடலாம்.

டிரம்மில் இம்தாது. பேஸ் கிடாரில் தணிகை. கிடாரில் ஆல்ட்ரின். பாட்டுக்கு அவள்.

பெரம்பூரில், மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையின் மாடி. மதிய வெயில். மூடிய ஜன்னல்களுக்குள் நான்கு பேர், ஒரு மின்விசிறி.

அவள் கழுத்தில் குறுக்காக ஒரு கோடு இருந்தது. தைராய்டை எடுத்த இடம். நரம்புக்கு ஒன்றுமில்லை, குரல் வந்துவிடும் என்று டாக்டர் சொன்னார்.

பேச்சு வந்தது. பாட்டில் பாதி வந்தது.

மேல் பாதி வரவில்லை.

காலையில் ஆல்ட்ரினிடம் போனில் சொல்லியிருந்தாள். "இன்னிக்கும் அந்த எடத்துல ஒடஞ்சா, வேற ஆளப் பாத்துக்கோங்கடா."

"மொதல்ல வா மச்சி" என்றான்.

அந்த இடம் பாட்டின் நடுவில் வரும். அங்கே சொற்கள் இல்லை. ஒரே ஒரு 'ஆ'. கீழே தொடங்கி ஏறிக்கொண்டே போக வேண்டும். உச்சிக்குப் போகும்போது டிரம் நின்றுவிடும். கிடாரும் பேஸும் ஒரே ஒலியில் அசையாமல் நிற்கும். ஒளிந்துகொள்ள எதுவும் இருக்காது.

அடி விழுந்தது.

கண்களை மூடினாள். தொடங்கினாள்.

ஒலி கனமான இரும்புக் கதவு போல நின்றது. அதற்கு அந்தப் பக்கம் யாரோ விளக்கை எடுத்துக்கொண்டு நடப்பது போல இருந்தது. கதவின் அடியில் வெளிச்சம் நகர்ந்தது. அவள் அதன் பின்னால் போனாள்.

படி ஒன்று. இன்னொன்று. கால் வைத்த இடமெல்லாம் மெத்தென்று இருந்தது.

டிரம் நின்றது.

இங்கேதான் உடையும்.

உடையவில்லை.

உச்சியில் நின்றாள். கீழே எல்லாம் சின்னதாகத் தெரிந்தது. ஆஸ்பத்திரி வராந்தா, மயக்க மருந்தின் வாசனை, விழித்ததும் ஊமையாக அசைந்த தன் உதடுகள். தேவைக்கு மேல் நின்றாள். இறங்க மனமில்லை.

பிறகு இறங்கினாள்.

ஒலி அடங்கியது.

யாரும் கத்தவில்லை.

ஒரு தடவை நன்றாக அமைந்துவிட்டால் இம்தாது குச்சியைத் தூக்கி எறிவான். தணிகையின் தலையில்தான் அது வழக்கமாக விழும். இன்று குச்சி அவன் மடியிலேயே இருந்தது.

அந்த அறைக்கு ஒரு பழக்கம் உண்டு. அவர்கள் வழக்கமாக வாசிக்கும் அடி சுருதி எழுந்தால் ஜன்னல் கண்ணாடி ஒன்று ஜிர்ரென்று அதிரும். அட்டை செருகிப் பார்த்தார்கள். டேப் ஒட்டிப் பார்த்தார்கள். கடைசியில், பேண்டில் அஞ்சாவது ஆள் அதுதான் என்று விட்டுவிட்டார்கள்.

இன்று கண்ணாடி சும்மா இருந்தது.

கீழே கடையின் ஷட்டர்தான் முனகியது.

அவள் கிடாரைப் பார்த்தாள். தடித்த கம்பி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. தளர்ந்த ஆட்டம். ஆல்ட்ரின் அதன் மேல் கட்டை விரலை வைத்து அமுக்கினான்.

இது எந்தக் கட்டை என்று அவளுக்குத் தனியாகத் தெரியாது. கிடார் எங்கே நிற்கிறதோ அங்கிருந்துதான் எப்போதும் தொடங்குவாள். அது அவனுக்குத் தெரியும்.

"எவ்ளோடா எறக்கின?"

ஆல்ட்ரின் காலடி ஒயரைச் சரிசெய்தான். தணிகை ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் பின்புறத்தை எட்டிப் பார்த்தான். அங்கே பார்க்க எதுவும் இல்லை.

"ஒரு கட்டை" என்றான் இம்தாது. "அவன மட்டும் திட்டாத. மூணு பேரும் சேந்துதான்."

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

"தெரியலல்ல?" என்றான் இம்தாது.

தணிகை அவனை முறைத்தான்.

உச்சியில் நின்றது அவள்தான். உச்சிதான் கீழே இறங்கி வந்திருந்தது.

அவளுடைய பை கதவருகே நாற்காலியில் இருந்தது. எடுத்து மாட்டிக்கொண்டால் படி. படியை இறங்கினால் தெரு. யாரும் தடுக்க மாட்டார்கள். தடுக்கும் யோக்கியதை தங்களுக்கு இல்லை என்று நினைப்பவர்கள் போல மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள்.

அவள் அந்த ஒலியை மனதுக்குள் மறுபடி கேட்டுப் பார்த்தாள்.

இவ்வளவு கருப்பாக அவர்கள் ஒருநாளும் வாசித்ததில்லை. சேறு நகர்வது போல இருந்தது கிடார். அதன் மேல் அவள் குரல். பழைய குரல் இல்லை. அதில் ஏதோ ஒன்று உராய்ந்தது.

அங்கே இருக்கப் பிடித்திருந்தது.

ஆனால் கழுத்துக் கோடு கொஞ்சம் இழுத்தது. அதை இப்போதுதான் ஒப்புக்கொண்டாள். பயந்து பயந்து, மரியாதைக்கு ஒரு கட்டை இறக்கியிருக்கிறார்கள்.

"இன்னும் எறக்கு."

ஆல்ட்ரின் நிமிர்ந்தான்.

"இதுக்கும் கீழ போனா கம்பில துணிதான் காயப்போடணும்" என்றான் இம்தாது.

"போடு."

தணிகைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டான்.

ஆல்ட்ரினின் கை கிடார் தலையிலிருந்த முறுக்காணிக்குப் போனது. "எவ்ளோ மச்சி?"

அவள் கண்களை மூடினாள்.

கிடாருக்காகக் காத்திருக்காமல், தொண்டை எங்கே இருக்க விரும்பியதோ அங்கே, வாய் திறக்காமல் முனகத் தொடங்கினாள்.

குரல் ஏறவில்லை. உட்கார்ந்துகொண்டது.

முறுக்காணி திரும்பியது. கம்பியின் ஒலி இறங்கி வந்தது. அவள் குரலைத் தாண்டிப் போனது. நின்றது. திரும்பி வந்து தேடியது.

அவள் நகரவில்லை.